பாவுக்கு ஜவ்வரிசிக் கஞ்சியா? குகை, அம்மாப்பேட்டை பள்ளிக்கூடக் காலம் பற்றி

குழித்தறி:
சேலத்தில் குகை, அம்மாப்பேட்டை என்கிற பகுதிகளின் நெசவுத் தெருக்களில் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பருவம் எப்படி இருந்தது என்று ஒரு பதிவு எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. அதில் ஒரு வரி: "குகையிலும் அம்மாப்பேட்டையிலும் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து, தெருவில் நீட்டிய பாவுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி தடவிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஜவ்வரிசிக் கஞ்சியா? பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளுக்கு, பிசிறு படியப் போடுவது அரிசிக் கஞ்சிங்க. நொய்யரிசியை ஊறவைத்து ஆட்டி, கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கட்டி தட்டாமல் கிண்டி, துணியில் வடிகட்டி எடுக்கிற கஞ்சி. நூல் எடையில் பத்தில் ஒரு பங்கு அரிசி போதும். இழை விறைத்து முறியாமலிருக்கக் கடைசியில் தேங்காயெண்ணெய்.

அடுத்தது, பிள்ளைகள் கஞ்சி தடவினார்களாம். பாவாற்றுகிற, அதாவது பாவில் கஞ்சி தடவுகிற, பிரஷ் எவ்வளவு கனம் தெரியுமா? பாவின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெரியவர் நின்று, பிடியை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒரே திசையில் நடக்க வேண்டும். திசை மாறினால் படிந்த பிசிறெல்லாம் மறுபடி எழுந்துகொள்ளும். மேல் பக்கம் முடிந்ததும் அடிப்பக்கம். வெயில் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் இழையோடு இழை ஒட்டி, அத்தனையும் ஒரே பட்டையாகிவிடும். இதைப் பத்து வயசுப் பிள்ளை கையில் யார் கொடுப்பார்கள்?

மரவள்ளி:
பிரஷ் விஷயம் சரிதான். கஞ்சி விஷயத்தில் நீங்கள் இவ்வளவு கத்துவதற்கு ஒன்றுமில்லை. சேலம், ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மாவுக் கஞ்சி நூலுக்குப் போட்டதே இல்லையா? மில்லுக்கெல்லாம் மூட்டை மூட்டையாகப் போன மாவு குகைத் தெருவுக்கு மட்டும் வராமல் போனதா? 65 டிகிரி தாண்டினாலே வெந்துவிடும். அரிசி மாவுக்கு 75 வரை ஏற்ற வேண்டும். விறகு மிச்சம், நேரம் மிச்சம். ஆறினாலும் அரிசிக் கஞ்சி மாதிரி உறைந்து கெட்டியாகாது. காய்ந்த பிறகு வளைந்து கொடுக்கும், இழை மேல் செதில் செதிலாக உதிராது. பதிவு எழுதியவர் சொன்னதில் தப்பில்லை.

குழித்தறி:
தப்புதான். அவர் எழுதியது ஜவ்வரிசி. நீங்கள் பேசுவது கிழங்கு மாவு. கிழங்கிலிருந்து பால் எடுத்துப் படியவைத்த மாவை உருட்டி, சூடான தட்டில் வறுத்து, காயவைத்தால்தான் ஜவ்வரிசி. இத்தனை வேலை செய்து விலை ஏறின பண்டத்தை எந்த நெசவாளி திரும்பக் கரைத்து நூலில் தடவுவான்? அப்படியே காய்ச்சினாலும் முத்து முழுசாகக் கரையாது. வழவழவென்று கட்டி நிற்கும். அந்தக் கட்டி இழையில் ஒட்டிக் காய்ந்தால் பன்னையின், அதாவது இழைகளைப் பிரித்து நிறுத்துகிற தறிச் சீப்பின், பல்லுக்குள் நுழையாது, பக்கத்து இழையையும் இழுத்து அறுத்துவிடும்.

இன்னொன்று. சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்ததே 1943 வாக்கில். யுத்தத்தால் மலேயா, சிங்கப்பூர்ச் சரக்கு நின்றுபோன பிறகு. குகையில் தறி ஓடியது அதற்கு எத்தனை தலைமுறை முன்பிருந்து? அத்தனை நாளும் எதைப் போட்டார்கள்? அரிசிக் கஞ்சி.

மரவள்ளி:
அதே யுத்தக் காலத்தில்தான் அரிசிக்கு ரேஷன் வந்தது. சோற்றுக்கே அளந்து போட்ட அரிசியை நூலுக்கு ஊற்றினார்களா? 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுக்கிற வரைக்கும் அரிசி என்ன நிலைமை என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். 1943-க்குப் பிறகு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பற்றித்தான் பதிவே. உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தைப் பற்றி இல்லை.

வெண்பட்டு:
இரண்டு பேரும் அம்மாப்பேட்டையை விட்டுவிடுங்கள். அங்கே ஓடியது பட்டு வேட்டித் தறி. பட்டுக்குக் கஞ்சி எதற்கு? பச்சைப் பட்டில், அதாவது இன்னும் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யாத பட்டில், இயல்பாகவே பசை இருக்கிறது. அதைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்தால்தான் வெண்பட்டுக்கு அந்த வெள்ளையும் மினுமினுப்பும் வரும். பசை போனாலும் பட்டு நீளமான இழை, பிசிறு கிடையாது. இழை சேர்த்து முறுக்கி ஓட்டினால் பன்னையில் தேயாது. பருத்தி ஈரத்தில் வலுக்கூடும், பட்டு ஈரத்தில் வலுக்குறையும். அதன்மேல் கஞ்சித் தண்ணீரை ஊற்றுகிறவன் தறிக்காரனே இல்லை. சேலம் வெண்பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கின ஊரைப் பற்றி எழுதும்போது இதுகூடத் தெரியாமல் எப்படி எழுதுகிறார்கள்?

குழித்தறி:
அம்மாப்பேட்டை முழுக்கப் பட்டா? பருத்தித் தறியே கிடையாதா? பட்டுக்காரர்கள் எப்போதுமே இப்படித்தான், ஊரே தங்களுடையது என்று பேசுவார்கள். நான் சொல்வது பருத்திப் பாவு. 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர் ஒற்றை நூல் (நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு). அதற்கு அரிசிக் கஞ்சி.

செவ்வாய்ப்பேட்டையான்:
ஒற்றை நூல் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு இழை முறுக்கின நூல், 2/80, 2/100 எல்லாம் கஞ்சியே இல்லாமல் ஓடும். முறுக்கே பிசிறை அடக்கிவிடும். இரட்டை நூல் தறி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி வாசனையே தெரியாது. தெருவில் பாவு நீட்டாமல், சிட்டத்தையே, அதாவது நூல் கற்றையையே, கஞ்சியில் முக்கிப் பிழிந்து, மூங்கிலில் மாட்டி உதறிக் காயவைக்கிற வழியும் உண்டு. அரை ஈரத்தில் கண்டில் (நூல் சுற்றுகிற உருளையில்) சுற்றிவிட வேண்டும், நன்றாகக் காய்ந்தால் சிட்டம் பிரியாது. அதைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை.

பிள்ளைகளுக்கு உண்மையில் இருந்த வேலை தார் சுற்றுவது: நாடா என்கிற ஓடத்துக்குள் வைக்கிற குச்சியில், ஊடை என்கிற குறுக்கு நூலைச் சுற்றுவது. ராட்டையில் தார்க்குச்சியைச் செருகி, அடியில் கூம்பு கட்டி, அந்தக் கூம்பின் மேலேயே ஏறி இறங்கி நுனி வரை கொண்டு போக வேண்டும். விரலில் பிடி தளர்ந்தால் தார் பொதபொதவென்று வரும். நாடா ஓடும்போது நாலு சுற்று சேர்ந்து வழிந்து ஊடையில் முடிச்சு விழும். தடியாகச் சுற்றினால் நாடாவின் குழியில் உரசி நூல் அறும். பள்ளிக்கூடம் போகுமுன் காலைக்கு வேண்டிய தார், வந்த பிறகு சாயங்காலத்துக்கு. நெசவுத் தெருவில் பள்ளிப் பருவம் என்றால் இதுதான். கஞ்சி இல்லை.

கரும்பலகை:
தார் சுற்றின கதையை இனிக்க இனிக்கச் சொல்கிறீர்கள். 1953-ல் குலக்கல்வித் திட்டம் வந்தபோது சொன்னதும் இதுதான்: மூன்று மணி நேரம் படி, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-ல் இந்த நகராட்சிக்கே தலைவரான ராஜாஜி கொண்டுவந்தது. காமராஜர் 1954-ல் வந்து எடுத்தெறிந்தார். குகைப் பிள்ளைகளைத் தறிக் குழியில் இறக்கிவிடத்தான் அந்தத் திட்டம்.

குழித்தறி:
வரலாறு தெரியாமல் உணர்ச்சிவசப்படாதீர்கள். அது முதலில் நடைமுறைக்கு வந்தது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில். குகை சேலம் நகராட்சிக்குள் இருந்தது. திட்டம் மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் குகையைக் கொண்டுபோய் அதில் சொருகாதீர்கள். தறிக் குழியில் பிள்ளையை இறக்க முடியாது, மிதிக்குக் கால் எட்டாது. பிள்ளை செய்தது மூன்று வேலை. தார் சுற்றுவது. தெருப் பாவில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவது. தறியில் பாவு பிணைக்கும்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுப்பது. ஐம்பது அங்குல வேட்டிக்கு அங்குலத்துக்கு 64 இழை என்றால் 3200 இழை. பழைய பாவின் நுனியோடு புதுசை வைத்து, விரலில் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். ஒரு இழை வரிசை மாறினால் அங்கேயிருந்து எல்லாம் மாறும், துணியில் கோடு விழும். சின்ன விரல் என்பதால் அந்த வேலை பிள்ளைக்கு வந்தது. கஞ்சிச் சட்டி பக்கம் விடமாட்டார்கள். அந்தச் சட்டியில் இருந்ததும் அரிசிக் கஞ்சி.

கரும்பலகை:
"சின்ன விரல் என்பதால் வந்தது." இதை எழுத உங்களுக்குக் கை கூசவில்லை. 3200 இழை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளை வாய்ப்பாட்டில் தூங்கி விழாமல் என்ன செய்யும்? கஞ்சி அரிசியா கிழங்கா என்பதா இங்கே கேள்வி?

மரவள்ளி:
அதுதான் கேள்வி. அவர்தான் அதில் ஆரம்பித்தார். அண்ணா, உங்கள் அரிசிக் கஞ்சி ஒரு ராத்திரி தாண்டினால் புளித்து நாறும். ஐப்பசி மழையில் தெருவில் நீட்ட முடியாமல் பாவைச் சுருட்டி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை. அதற்குத்தானே மயில்துத்தம் போட்டார்கள்? எலியும் கரப்பானும் கடித்த பாவுக்கு யார் பதில் சொல்வது?

குழித்தறி:
மயில்துத்தம் எந்தக் கஞ்சிக்கும்தான். கிழங்கு மாவுக் கஞ்சியில் பூஞ்சை வராது என்று யார் சொன்னார்கள்? எலி கிழங்கைத் தின்னாதா? சேகோ ஃபேக்டரிக் கிடங்கில் போய்ப் பாருங்கள். உங்கள் மாவில் இருக்கிற குறையைக் கேளுங்கள். கொஞ்சம் அதிக நேரம் கொதித்தால் இழுபட்டு நீர்த்துப்போகும், பிடிப்பே இருக்காது. கம்மியாகக் கொதித்தால் பிரஷ்ஷில் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். அரிசி மாவு நுண்ணிய மாவு, இழைக்குள் இறங்கும். உங்களுடையது மேலேயே நிற்கும்.

வெண்பட்டு:
பட்டுக்கு இந்த வம்பே கிடையாது.

செவ்வாய்ப்பேட்டையான்:
சேலம் தில்லை நகரில் 1960-லிருந்து கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே யாரையாவது கேட்டால் முடிந்துவிடும். எந்த நூல், எந்த வருஷம் என்று ஒருத்தரும் சொல்லாமல் கஞ்சியையே கிண்டிக்கொண்டிருக்கிறீர்கள். தெருவில் குறுக்குக் கழி நட்டது எத்தனை முழத்துக்கு ஒன்று என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

மரவள்ளி:
கல்லூரியில் கேட்கலாம், அங்கேயும் மரவள்ளி மாவு என்றுதான் சொல்வார்கள். 1981-ல் சேகோசர்வ் என்கிற ஜவ்வரிசி, மாவு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு மாவு கிடைப்பதும் சுலபமாகிவிட்டது. உங்களுக்குக் கிழங்கு என்றாலே ஏன் இவ்வளவு இளப்பம் என்று தெரியவில்லை. சேலத்துக்கு ஜவ்வரிசியால் வந்த பேர் தறியால் வந்த பேருக்குக் குறைந்ததில்லை.

குழித்தறி:
கிழங்கு மேல் எனக்கு ஒரு இளப்பமும் இல்லை. 1981 என்று சொல்லி நீங்களே காலத்தைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். அந்த நேரத்தில் தெருப் பாவு எத்தனை தெருவில் மிச்சம் இருந்தது? பதிவில் இருப்பது ஜவ்வரிசி. ஜவ்வரிசியைக் கரைத்துப் பாவாற்றின ஒரு தெருவின் பேரைச் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். பேர் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். அரிசிக் கஞ்சி.

மரவள்ளி:
அரிசி ரேஷனில் இருந்தபோது அரிசிக் கஞ்சி ஊற்றின தெருவின் பேரை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.