புதுப்பிப்பு: ஊசி மருந்தோடு காசிக்குப் போய் வந்தோம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்க்காக வாரம் மூன்று முறை 40 மில்லிகிராம் கிளாட்டிராமர் ஊசி போட்டுக்கொள்ளும் நான், அம்மாவோடு சென்னையிலிருந்து பத்து நாள் காசிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேன். நல்லபடியாகப் போய் வந்தோம். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மருந்தை விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். சரக்குப் பெட்டியில் போட்டிருந்தால் உறைந்துவிடுமோ என்ற பயம். பாதுகாப்புச் சோதனையில் மருத்துவர் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் பார்த்துவிட்டு உடனே அனுப்பிவிட்டார்கள்.

சிக்கல் வந்தது விடுதியில். அறையின் சிறிய ஃபிரிட்ஜில், பின்சுவரை ஒட்டி வைத்த ஓர் ஊசி பனிக்கட்டியாகிவிட்டது. உறைந்த கிளாட்டிராமரை உருக்கிப் பயன்படுத்தவே கூடாது. மனம் பதைத்தாலும் தூக்கி எறிந்தேன். கூடுதலாக இரண்டு ஊசி எடுத்துப் போனது காப்பாற்றியது. நான் வெப்பத்துக்கு மட்டுமே பயந்திருந்தேன். உண்மையில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய இந்த மருந்து, தேவைப்பட்டால் 15 முதல் 30 டிகிரியில் ஒரு மாதம் வரை தாங்கும். மற்ற ஊசி மருந்துகளுக்குக் கணக்கு வேறு, உங்கள் மருந்தின் தாளைப் பாருங்கள்.

மீதி ஊசிகளைக் குளிர்பையில், ஐஸ் பொதியின் மேல் படாதபடி துண்டில் சுற்றி வைத்தேன். வெயிலில் கால்கள் தளர்ந்ததால் படித்துறைக்கு விடியற்காலையில் மட்டும் போனோம். அம்மா கங்கையில் மூழ்கி எழுந்ததைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன்.