மறு: கம்பளிச் சதுரக் குறிப்புத்தாள் – 'டென்ஷன்', 'கேஜ்' இரண்டுக்கும் ஒரே சொல்

அன்பர்களுக்கு வணக்கம். கம்பளிச் சதுரம் பின்னுகிறவர்களுக்கான தமிழ்க் குறிப்புத்தாளில் 'டென்ஷன்', 'கேஜ்' இரண்டுக்கும் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற நம் குழுவின் பேச்சுக்கு இது என் பதில்.

> 'இழுவிசை' என்று இயற்பியலில் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

பொருள் ஒத்து வந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒத்து வரவில்லை. பிரிட்டனில் 'டென்ஷன்' என்றும் அமெரிக்காவில் 'கேஜ்' என்றும் பின்னுகிறவர்கள் சொல்வது நூலில் உள்ள விசையை அல்ல. பத்து சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணி (பின்னலில் நூல் போடும் ஒவ்வொரு வளையம்), பத்து சென்டிமீட்டர் உயரத்தில் எத்தனை வரி என்ற எண்ணிக்கையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நூலை இழுத்துப் பிடித்தால் அந்த எண்ணிக்கை கூடும், உண்மை. ஊசி மெலிந்தாலும், நூல் மெலிந்தாலும் கூடத்தான் கூடும். 'இறுக்கம்' என்ற முன்மொழிவையும் இதே காரணத்துக்காக ஏற்க முடியவில்லை. "இறுக்கம் சரியாக இருக்க வேண்டும்" என்று தாளில் அச்சிட்டுக் கொடுங்கள், புதிதாகப் பழகுகிறவர் நூலை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இறுக்குவார். 'டென்ஷன்' என்றே விட்டுவிடலாம் என்கிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பின்னலோடு எந்த உறவும் இல்லை, இரத்தக் கொதிப்போடுதான் உறவு.

இந்தச் சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருவர் கேட்டிருந்தார். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கை மையமாகக் கொண்டு 2008-இல் தொடங்கிய 'நிட் எ ஸ்கொயர்' அமைப்பு, எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக உலகெங்கும் இருந்து பின்னிய சதுரங்களைப் பெறுகிறது. நகரம் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது; ஜூன், ஜூலையில் சில இரவுகளில் குளிர் உறைநிலையைத் தொட்டுவிடும். சதுரத்தின் பக்கம் 20 சென்டிமீட்டர். ஐந்துக்கு ஏழு என்று 35 சதுரங்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை. நடுத்தரப் பருமனுள்ள நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். 44 கண்ணி ஏற்றினால் சரியாக 20 வரும். அதே 44 கண்ணியை ஏற்றுகிற கைக்குப் பத்து சென்டிமீட்டரில் 24 விழுந்தால் சதுரம் 18.3-இல் நின்றுவிடும், 20 விழுந்தால் 22-க்கு அகன்றுவிடும். முதலாமவரின் ஏழு சதுரங்கள் 128 சென்டிமீட்டர், இரண்டாமவரின் ஏழு 154. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைக்க வேண்டியவரை நினைத்துப் பாருங்கள். அகன்றதைச் சுருக்கிச் சுருக்கித் தைக்க, போர்வை நடுவில் அப்பளம் போல் உப்பும்.

> 'கேஜ்' திருப்பூரில் புழங்குகிற சொல். புதிதாக ஒன்று எதற்கு?

திருப்பூர் அன்பர் சொல்வது சரி, புழங்குகிறது. ஆனால் அங்கே அது வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதைக் குறிக்கிறது. இயந்திரத்தை வாங்கும்போதே முடிவாகிவிடுகிற எண் அது. நமக்கு வேண்டியது துணியின் எண். அது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், திருப்பூரிலிருந்து பின்ன வருகிற முதல் பெண்ணே குழம்பிப் போவார்.

'கண்ணி' பற்றி ஏற்கெனவே ஒத்துப்போய்விட்டோம் என்றுதான் நினைக்கிறேன். 'தையல்' வேண்டாம், இங்கே துணியைத் துளைக்கிற வேலையே இல்லை. வலை பின்னுகிறவர்களிடம் 'கண்', 'கண்ணி' இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இரண்டு ஊசிப் பின்னலில் வரி முழுவதும் கண்ணிகள் ஊசியில் ஏறி நிற்கும், குரோஷாவில் (கொக்கிப் பின்னல்) கொக்கியில் ஒரே கண்ணிதான் நிற்கும் என்ற வேறுபாட்டையும் இந்த ஒரு சொல்லை வைத்தே விளக்கிவிடலாம்.

ஆகவே என் முன்மொழிவு: கண்ணிச் செறிவு.

இதற்கு வலுவான மறுப்பு நம் குழுவில் பின்னல் தெரிந்த சகோதரியிடமிருந்து வந்தது:

> மூலையிலிருந்து தொடங்கி, வரிக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போய், பக்கம் 20 ஆனதும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தால் சதுரம் தானாக வந்துவிடும். எண்ணவே வேண்டாம். நடுவிலிருந்து சுற்றிப் போகும் 'பாட்டிச் சதுர'மும் அப்படித்தான், 20 வந்ததும் நிறுத்திவிடலாம். பிறகு இந்தச் சொல் எதற்கு?

நல்ல கேள்வி. தாளில் முதல் செய்முறையாக மூலைச் சதுரத்தையே வைத்துவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் அளவு சரியாக வந்தும் துணி சரியில்லாமல் போகலாம். பருத்த ஊசியில் மெல்லிய நூலைப் பின்னினால் பக்கம் 20 வரும், கூடவே குழந்தையின் கால்விரல் மாட்டிக்கொள்கிற ஓட்டைகளும் வரும். கம்பளி தன்னுள் பிடித்து வைத்திருக்கும் காற்றால்தான் சூடு தருகிறது. ஓட்டை வழியே அந்தக் காற்று போய்விட்டால் என்ன பயன்? 'கண்ணி அளவு', 'கண்ணிக் கணக்கு' என்பவற்றை விட்டு 'செறிவு' என்று நான் நிற்பது இதனால்தான். எண்ணிக்கை, துணியின் அடர்த்தி இரண்டையும் அது சொல்கிறது. 'நெருக்கம்' என்றாலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "செறிவு குறைவு, செறிவு மிகுதி" என்று எழுதும்போது வாக்கியம் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

இன்னொன்றையும் இப்போதே முடித்துவிடலாம். குரோஷாவில் அமெரிக்கர் 'சிங்கிள்' என்கிற கண்ணியை பிரிட்டன்காரர் 'டபுள்' என்கிறார். அமெரிக்கரின் 'டபுள்' இவருக்கு 'டிரெபிள்'. இரண்டு நாட்டுக் குறிப்புகளையும் கலந்து 'ஒற்றை', 'இரட்டை' என்று மொழிபெயர்த்தால் வரியின் உயரமே மாறிப்போகும். உயரத்தை வைத்து குட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி என்று நாமே பெயர் வைத்துக்கொண்டால் அந்த வழக்கில் நாம் சாட்சியாகக்கூடப் போக வேண்டாம்.

'குரோஷா'வை மாற்ற வேண்டாம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வை கின்னஸ் சாதனை ஆனது. அந்தப் பெருமை அதற்கு முந்தைய ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் '67 பிளாங்கெட்ஸ்' இயக்கத்திடம் இருந்தது. கையில் கொக்கி பிடித்த இத்தனை பேர் குரோஷா என்று சொல்லும்போது 'கொக்கிப் பின்னல்' என்று திருத்தப் போகிறவர் யார்? அடைப்புக்குறிக்குள் ஒருமுறை கொடுத்தால் போதும்.

'செறிவு'க்கு மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்: "பத்து சென்டிமீட்டருக்கு 22 என்ற கண்ணிச் செறிவு வரவில்லையென்றால் ஊசியை மாற்றுங்கள்." இந்த வாக்கியத்தில் பொருந்துகிற எந்தச் சொல்லையும் பரிசீலிக்க நான் தயார்.