நிகோசியா உயர்மறைமாவட்டம்: கிரேக்கர்களை நசுக்கியதா, விட்டுவைத்ததா?

கரைவலை:
இடைக்காலத்தில் மேற்கு ஐரோப்பியர் ஆண்ட சைப்ரஸ் தீவில், லத்தீன் திருச்சபை (உரோமைத் திருத்தந்தைக்குக் கீழ்ப்பட்ட கத்தோலிக்கர்கள்) உள்ளூர் மக்களின் கிரேக்கத் திருச்சபையை (ஆர்த்தடாக்ஸ்) நசுக்கிவிட்டது என்று செம்மண் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. 1196இல் திருத்தந்தை மூன்றாம் செலஸ்தீன் தலைநகர் நிகோசியாவை லத்தீன் உயர்மறைமாவட்டமாக்கி (பேராயரின் ஆளுகைப் பகுதி), பாஃபோஸ், லிமசோல், ஃபமகுஸ்தா ஆகிய நகரங்களின் மறைமாவட்டங்களை அதன்கீழ் வைத்தார். ஆனாலும் தீவின் பெரும்பாலான மக்கள் கடைசிவரை கிரேக்க முறையில்தான் வழிபட்டார்கள். நசுக்கியதன் விளைவு இதுதானா?

செம்மண்:
மக்கள் வளைந்துகொடுக்கவில்லை என்பது மக்களுக்குப் பெருமை, ஐயா. அதை லத்தீன் ஆயர்களின் கணக்கில் வரவு வைக்காதீர்கள். பதினான்கு கிரேக்க ஆயர் பீடங்களை நான்காகக் குறைத்தது யார்? எஞ்சிய ஆயர்களைக்கூட நகரங்களிலிருந்து வெளியேற்றி, லெஃப்கரா, சோலியா போன்ற உட்பகுதிகளுக்கு அனுப்பினார்கள். 1231இல் கண்டாரா மடத்தின் 13 துறவிகள் நிகோசியாவில் உயிரை விட்டார்கள். லத்தீன்காரர்கள் திருப்பலியில் புளிப்பில்லா அப்பத்தைப் பயன்படுத்துவதைக் (கிரேக்கர்கள் பயன்படுத்துவது புளித்த அப்பம்) கண்டித்ததுதான் அவர்கள் செய்த குற்றம்!

கரைவலை:
அந்தக் கொடுமையை நான் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளையும் படியுங்கள். திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் காலத்தில் கிரேக்கர்கள் ஜெர்மானோஸைத் தங்கள் பேராயராகத் தேர்ந்தெடுத்தார்கள். உரோமையே அதற்கு இடம் கொடுத்தது.

செம்மண்:
கொடுத்த கை 1260இல் பிடுங்கிக்கொண்டது. ஜெர்மானோஸுக்குப் பின் கிரேக்கப் பேராயரே கூடாது என்று நான்காம் அலெக்சாந்தரின் ஆணை சொல்லிவிட்டது. மிச்சமிருந்த ஆயர்கள் லத்தீன் ஆயர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும். இதற்குப் பெயர் தாராளமா?

பழஞ்சுவர்:
இருவரும் அப்பத்தையும் ஆயரையும் பேசுகிறீர்கள், பணத்தை விட்டுவிட்டீர்கள். 1220 ஒப்பந்தத்தின்படி அரசரின், பிரபுக்களின் நிலங்களிலிருந்து வரும் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) லத்தீன் திருச்சபைக்கு. கிரேக்கக் குருக்களுக்குத் தலைவரியும் கட்டாய வேலையும் இல்லை. ஆனால் பிரபுவின் அனுமதியின்றி அவருடைய நிலத்தைவிட்டு வேறிடம் போக முடியாது. இது சமயச் சண்டையைவிட நிலவுடைமைச் சண்டை என்பேன். நிகோசியாவில் லத்தீன்காரர்கள் கட்டிய புனித சோஃபியா பேராலயத்தைப் பாருங்கள்: 1209 வாக்கில் தொடங்கி, 1326இல்தான் அர்ச்சிப்பு. அந்த அழகுக்குப் பின்னால் யாருடைய வியர்வை?

கரைவலை:
பழஞ்சுவர் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு. 1360 வாக்கில் திருத்தந்தையின் தூதர் பியர் தோமா கிரேக்கக் குருக்களை அதே பேராலயத்துக்குள் அடைத்து லத்தீன் முறைக்கு மாற்றப் பார்த்தபோது, மக்கள் கதவுக்குத் தீ வைக்க வந்தார்கள். தூதரைத் தடுத்தவர் லத்தீன் மன்னர் முதலாம் பீட்டர். நாடு கெட்டால் வருமானம் போகும் என்று அவருக்குத் தெரியும்.

செம்மண்:
ஆக, கருணையால் அல்ல, பயத்தால் விட்டுவைத்தார்கள். அதை ஒப்புக்கொண்டால் நமக்குள் சண்டையில்லை.