நெட் கப்பின் அடியில் ஒரு விரற்கடை

புது நாற்று: மண்ணில்லாமல் உரநீரிலேயே வளர்க்க, மூடியிட்ட வாளியில் நான்கு லெட்டூஸ் நாற்றுகளை நட்டு, நார்க்கழிவு நிரப்பிய நெட் கப்பின் (மூடியில் பொருத்தும், துளைகள் உள்ள சிறு கிண்ணம்) பாதி உயரம் வரை நீர் நிற்குமாறு நாள்தோறும் நிரப்பி வருகிறேன். நீர் இருக்கும்போதே இலைகள் வாடுகின்றன. தண்டின் அடி கறுத்து மெலிந்துவிட்டது. “நீரிலேயே வளரும் செடிக்கு நீர் எப்படி அதிகமாகும், உரத்தைக் கூட்டுங்கள்” என்று கொளத்தூர்க் குமிழி சொன்னார். கூட்டினேன், இரண்டு சாய்ந்துவிட்டன.

அடையாறு ஆலமரம்: இப்படிப்பட்ட அறிவுரையைப் படிக்கும்போது எனக்கு வரும் எரிச்சலை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். செடியைக் கொன்றது நீரன்று, வேருக்குக் காற்று கிடைக்காமல் போனதுதான். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். நம் ஊர் மொட்டைமாடியில் வெயிலில் நிற்கும் வாளி என்ன சூடாகும் என்று சொல்லவும் வேண்டுமா? நெட் கப்பின் அடிக்கும் நீருக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி வேண்டும். ஒரு விரற்கடை.

கொளத்தூர்க் குமிழி: ஆலமரம் ஐயா, வேரே வெளிவராத நாற்றுக்கு ஒரு விரற்கடை இடைவெளி விட்டால் அது காய்ந்து சாகும். பம்பில்லாமல் தேங்கிய உரநீரில் வளர்க்கும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக் கிராட்கியின் முறையிலும் தொடக்கத்தில் நீர் கப்பின் அடியைத் தொட்டே நிற்கும். செடி குடிக்கக் குடிக்கத்தான் இடைவெளி உண்டாகும். மீன்தொட்டிப் பம்பு ஒன்றை ஓட விட்டால் உங்கள் விரலுக்கு வேலையே இல்லை.

அடையாறு ஆலமரம்: அந்த இடைவெளியில் வளரும் வேர்தானே காற்றை உறிஞ்சுகிறது? அதை நாள்தோறும் நிரப்பி மூழ்கடிக்கச் சொன்னவர் யார்? கொளத்தூரில் வண்ணமீன் விற்பவர்களின் நடுவே வாழ்வதால் எல்லா நோய்க்கும் பம்பையே மருந்தாக எழுதித் தருகிறீர்கள். பம்பு விடும் காற்றுக்குமிழி நீரைக் கலக்கும். கப்புக்குள் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும் நார்க்கழிவைக் காயவைக்குமா? தண்டு கறுத்தது அங்கேதான். ஒரு விரற்கடை என்றால் ஒரு விரற்கடைதான்.

பல்லாவரம் வெயில்: யாருடைய விரல்?

கொளத்தூர்க் குமிழி: நல்ல கேள்வி. சென்ற ஆண்டு இவருடைய விரற்கடையை நம்பியே என் பாலக் முழுவதும் கருகியது.

அடையாறு ஆலமரம்: உங்கள் பாலக் கருகியது ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பால். அதை அளப்பதற்காக என்னிடம் வாங்கிச் சென்ற டிடிஎஸ் மீட்டர் இன்னும் திரும்பவில்லை என்பதையும் இவ்விடத்தில் பதிவு செய்கிறேன். வாடிய நாற்றுக்கு உரத்தைக் கூட்டினால், ஏற்கெனவே நீரை இழுக்க முடியாத வேருக்கு உப்பையும் சேர்த்துச் சுமத்துகிறோம் என்பது மீட்டர் வைத்திருப்பவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கொளத்தூர்க் குமிழி: அந்த மீட்டர் தவறாகக் காட்டியது. உரத்தைப் பற்றி நான் சொன்னது மஞ்சள் இலைக்கு. கறுத்த தண்டைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

புது நாற்று: ஐயா, மீதமுள்ள இரண்டில் ஒன்றின் வேர் இன்னும் வெண்மையாக இருக்கிறது, மற்றொன்று பழுப்பாகி வழவழக்கிறது. என்ன செய்யட்டும்?

பல்லாவரம் வெயில்: வழவழப்பதைத் தூக்கி எறிந்து, வாளியைக் கழுவி நிழலில் வையுங்கள். பாதி உரம் போதும். ஊறிய நார்க்கழிவைப் பிழிந்துவிட்டு வெள்ளை வேரை மட்டும் நீரில் விடுங்கள்.

அடையாறு ஆலமரம்: எவ்வளவு இடைவெளி என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

கொளத்தூர்க் குமிழி: தொட்டபடியே இருக்கட்டும். பம்பு போடுங்கள்.

அடையாறு ஆலமரம்: ஒரு விரற்கடை. மீட்டரை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள்.