பகல்ல நல்லா இருக்கான், ராத்திரி 2 மணிக்கு இருமல். ஏர் ப்யூரிஃபையர் வச்சும் குறையல

தூங்காத அம்மா:
பையனுக்கு 6 வயசு. ஆஸ்துமான்னு தெரிஞ்சு 8 மாசம் ஆகுது. தடுப்பு இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டுற குழாய்) வச்சு ஒருநாள் விடாம குடுக்கிறோம். பகல்ல ஓடுறான், குதிக்கிறான். ராத்திரி 2 மணியானா இருமல். தாத்தா வீட்டுல நாலு நாள் இருந்தப்ப ஒரு தடவைகூட எழுந்துக்கல, திரும்பி வந்த அன்னிக்கே ஆரம்பிச்சிட்டான். சரி, எங்க வீட்டுக் காத்துலதான் ஏதோன்னு நுண்தூசியைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் ப்யூரிஃபையர் வாங்கிக் கட்டில் பக்கத்துல வச்சோம். காத்துல இருக்கிற நுண்துகள் அளவு, அதான் பிஎம் 2.5, ராத்திரி முழுக்க 8, 9னுதான் காட்டுது. அப்புறமும் ஏன் இருமுறான்? யாருக்கும் சிகரெட் பழக்கம் இல்ல. நாய், பூனையும் கிடையாது.

பழைய வீசிங்காரன்:
அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்தவன்ல நானும் ஒருத்தன். 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கிற துகளைத்தான் அது சொல்லும். வீட்டுத் தூசியில கண்ணுக்குத் தெரியாம வாழுற தூசிப்பூச்சியோட எச்சம் பெரும்பாலும் அதைவிடப் பெருசு, கிளம்பின கொஞ்ச நேரத்துல கீழ படிஞ்சிடும். இருக்கிற இடம் மெத்தை, தலையணை, துணிப்பொம்மை. பையன் புரண்டா நேரா அவன் மூக்குக்குத்தான் போகும், ப்யூரிஃபையருக்கு எங்க போறது? வாரம் ஒருதரம் போர்வை, உறையெல்லாம் 60 டிகிரி சுடுதண்ணியில துவைங்க. பொம்மையை ஒருநாள் ஃப்ரீசர்ல வச்சு அப்புறம் துவைக்கணும். குளிர்ல பூச்சி சாகும், எச்சம் போகாது. ஆனா மெத்தைக்கு உறை மாட்டினதோட வேலை முடிஞ்சதுன்னு இருந்துடாதீங்க. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல நின்னா அதுங்க பெருகிக்கிட்டேதான் இருக்கும். ஒரு மீட்டர் வாங்கிப் பாருங்க.

ஜன்னலைத் திற:
கேஸ் அடுப்பா? நீலச்சுடர்ல புகை தெரியாது, ஆனா நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். அது வாயு, ஹெப்பாவுல நிக்காது. 2021ல உலக சுகாதார நிறுவனம் அதுக்கான 24 மணி நேர சராசரி வரம்பைக் கனமீட்டருக்கு 25 மைக்ரோகிராம்னு வச்சிருக்கு. சமைக்கும்போது எக்ஸாஸ்ட் போடுங்க. ரூம் ஸ்ப்ரே இருந்தா முதல்ல தூக்கிப் போடுங்க, மணக்குறதெல்லாம் சுத்தம் இல்ல.

தூங்காத அம்மா:
அடுப்பு கரண்ட்தான். ஈரப்பத மீட்டர் 71 சதவீதம் காட்டுது! பயந்துபோய் அவன் தலைமாட்டுல இருக்கிற அலமாரியை நகர்த்தினோம். பின்னாடி பாத்ரூம் சுவர். பெயின்ட் கொப்பளிச்சு, முழங்கால் உயரத்துக்குக் கருப்புப் புள்ளி புள்ளியா பூஞ்சை. ஈரத்துணியை மூட்டை கட்டி வச்ச மாதிரி வாடை. ப்ளீச் போட்டுத் தேய்ச்சிடலாமா?

பழைய வீசிங்காரன்:
முதல்ல கசிவை அடைங்க. இல்லன்னா எத்தனை தரம் தேய்ச்சாலும் திரும்ப வரும். செத்த பூஞ்சையும் அலர்ஜி கிளப்பும், அதனால மேல பெயின்ட் அடிச்சு மூடாதீங்க. ப்ளீச் நெடியே ஆஸ்துமாவைத் தூண்டும், சோப்புத்தண்ணி போதும். ப்ளீச்சோட ஆசிட் க்ளீனரைக் கலந்துடவே கூடாது, குளோரின் வாயு வரும். தேய்க்கிறப்ப நீங்க மாஸ்க் போடுங்க, பையன் வீட்டுலயே இருக்க வேண்டாம். இன்ஹேலரை நீங்களா குறைக்காதீங்க. டாக்டர்கிட்ட சுவர் போட்டோவைக் காட்டுங்க, அலர்ஜி டெஸ்ட் வேணுமான்னும் கேளுங்க.

தூங்காத அம்மா:
மூணு நாளா ஹால்லதான் படுக்க வைக்கிறோம். முதல் நாள் இருமினான், நேத்து ரெண்டே தடவை. ப்ளம்பர் வியாழக்கிழமை வர்றார். கரடிப் பொம்மை ஃப்ரீசர்ல இருக்கு, அதுக்குக் குளிருமேன்னு மணிக்கொருதரம் கதவைத் திறந்து பார்த்துட்டு வர்றான்.