பத்மினி கார் மதிய வெயில்ல நின்னுடுது, ஏசி பம்ப்பா (என்ஜின்ல ஓடி கார்பரேட்டருக்கு பெட்ரோல் தள்ற பம்ப்) காயிலா? எலக்ட்ரிக் பம்ப் போடலாமா?

கீழ்க்கட்டளை ஃபியட்:
எல்லாருக்கும் வணக்கம். 84 மாடல் பிரீமியர் பத்மினி, அப்பா வாங்கின வண்டி, இப்போ ஞாயித்துக்கிழமையில நான்தான் எடுக்கறேன். காலையில ஈசிஆர்ல முட்டுக்காடு வரைக்கும் போயிட்டு வந்தா ஒரு தொல்லையும் இல்ல. ஆனா மதியம் கிண்டி, கத்திப்பாரா பக்கம் டிராஃபிக்ல ஊர்ந்தா இழுவை விட்டு விட்டு வந்து அப்படியே ஆஃப் ஆயிடுது. செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்டார்ட் மட்டும் ஆகாது. பானெட்டை தொறந்து போட்டு ஒரு இளநி குடிச்சிட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. ரேடியேட்டர் கொதிக்கல, தண்ணியும் குறையல.

ஷெட்டுல ஏசி பம்ப்பை தூக்கிட்டு மாருதி எலக்ட்ரிக் பம்ப் போடலாம், கூடவே பெரிய கார்பரேட்டர் போட்டா பிக்கப் எகிறும்ங்கறாங்க. ஸ்பார்க் குடுக்கற காயில், பாயின்ட், கண்டன்சர் எல்லாம் போன வருஷம்தான் வேற எடத்துல புதுசா போட்டது, அதனால அதுல சந்தேகம் இல்ல. எல்லாம் இந்த இ20 பெட்ரோலால (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த வினையா?

ஜிபி ரோடு வாசி:
கண்ணை மூடிட்டு சொல்லலாம், வேப்பர் லாக். ஏசி பம்ப் என்ஜின் பிளாக் மேலயே உக்காந்திருக்கு ப்ரோ, ஓடறப்போ காத்து பட்டு தப்பிச்சுக்கும், டிராஃபிக்ல நின்னா சூடு ஏறி உள்ள இருக்கற பெட்ரோல் ஆவியாயிடும், ஆவியை அந்த பம்ப்பால தள்ள முடியாது. அந்தக்கால டாக்சிக்காரங்க பம்ப் மேல ஈரத்துணி சுத்தி ஓட்டினது இதுக்குத்தான். எத்தனால் 78 டிகிரியிலயே கொதிக்கும், பெட்ரோலோட கலந்தா அதுக்கு முன்னாடியே ஆவியாகற பங்கும் கூடிடுது, அதனால இ20ல இது இன்னும் ஜாஸ்தி. பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல சூடு கடத்தாத பேக்கலைட் பிளாஸ்டிக்ல தடியா ஒரு துண்டு இருக்கணும், இருக்கான்னு பாருங்க, சில ஷெட்டுல அதை கடாசிட்டு வெறும் பேக்கிங் பேப்பர் வெச்சு மூடிடறாங்க. பெட்ரோல் ஹோஸும் மாத்துங்க, பழைய ரப்பர் எத்தனால்ல ஊறி வெடிச்சுடும், மேல ஆர்9னு அச்சு இருக்கறதா பாத்து வாங்குங்க.

மாருதி பம்ப் மட்டும் வேணவே வேணாம். அது இன்ஜெக்ஷன் வண்டிக்கு உள்ளது, 40 பிஎஸ்ஐக்கு மேல பிரஷர்ல தள்ளும், நம்ம கார்பரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ சுமார் போதும். கார்பரேட்டர் உள்ள பெட்ரோலை அளவோட நிறுத்தற ஃப்ளோட் ஊசியை மீறி பெட்ரோல் வழிஞ்சு சூடான மேனிஃபோல்டு மேல ஊத்தினா வண்டியே எரியும். எலக்ட்ரிக்தான் வேணும்னா கார்பரேட்டர் வண்டிக்கான கம்மி பிரஷர் பம்ப்பா வாங்கி டேங்க் பக்கத்துல மாட்டணும், என்ஜின் நின்னா பம்ப்பும் நிக்கற மாதிரி ஒரு கட்-ஆஃப் கண்டிப்பா வேணும்.

பழைய டெல்கோ:
கண்ணை மூடிட்டு எதையும் சொல்லாதீங்கப்பா. தம்பி, அடுத்த தடவை நின்னதும் ஆறவிடாம ஏர் கிளீனரை கழட்டி, கார்பரேட்டர் வாயை பாத்துகிட்டே ஆக்சிலரேட்டர் லிங்க்கை கையால இழு. பெட்ரோல் பீச்சி அடிச்சா பம்ப் மேல பழி போடாத. அப்புறம் ஏர் கிளீனரை திரும்ப மாட்டிட்டு, எங்கயும் பெட்ரோல் சிந்தலைன்னு பாத்துட்டு, டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர், பிளக்குகளுக்கு கரண்ட் பிரிச்சு குடுக்கறது) மூடியில நடு ஒயரை உருவி ரப்பர் பிடி போட்ட பிளையர்ல பிடிச்சு பிளாக்குக்கு 5 மிமீ தள்ளி வெச்சு ஒருத்தரை செல்ஃப் அடிக்க சொல்லு. நீலமா பட்டு பட்டுனு அடிக்கணும். ஆரஞ்சா மெல்லிசா வந்தா காயில், இல்லன்னா கண்டன்சர்.

புதுசா போட்டதுன்னு சொல்றியே, எனக்கு மொத சந்தேகமே அதுலதான். வண்டி ஆறினப்புறம் ஒயர் ரெண்டையும் கழட்டிட்டு காயிலோட சின்ன டெர்மினல் ரெண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல ஓம் பாரு. காயிலுக்கு போற கரண்டை குறைக்க தனி ரெசிஸ்டர் இல்லாத பாயின்ட் வண்டிக்கு 3 ஓம் கிட்ட காட்டணும், அப்பதான் 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் போகும். ஒன்றரை ஓம் காயில் ரெசிஸ்டரோட ஓடற வண்டிக்கு செஞ்சது, அதை நேரா மாட்டினா 8 ஆம்பியர் இழுக்கும், காயில் கொதிச்சு பாயின்ட் கருகும். வெளிய பாத்தா ரெண்டும் ஒரே டப்பாதான்.

சோழவரம் ரசிகன்:
பிக்கப் மேட்டருக்கு வரேன். இது 1089 சிசி, 40 குதிரை சொச்சம், கார்பரேட்டரை மட்டும் பெருசாக்கினா உள்ள போற காத்தோட வேகம் குறைஞ்சு சிக்னல்ல எடுக்கறப்போ திக்கும், அவ்ளோதான் லாபம். இ20க்காக மிக்ஸர் லீன் ஆகுதுன்னு (காத்துக்கு பெட்ரோல் பத்தலன்னு) தோணினா கார்பரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடற ஜெட்டை பாருங்க. ஜெட் மேல 120னு இருந்தா துளை 1.20 மிமீ, அதை 125 ஆக்கினாலே பெட்ரோல் 8 சதவீதம் கிட்ட கூடிடும், அதுக்கு மேல போகாதீங்க. கம்பி விட்டு குத்தற ஆளுங்ககிட்ட ஜெட்டை குடுக்கவே குடுக்காதீங்க. நாலு வீலும் டிரம் பிரேக், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊரு காத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறது நல்லது. பிரேக் பிடிச்சா நிக்காத வண்டிக்கு பிக்கப் எதுக்கு சொல்லுங்க?

கீழ்க்கட்டளை ஃபியட்:
சின்னமலை சிக்னல்ல நேத்து நின்னுடுச்சு, தள்ளி ஓரம் கட்டி பாத்தேன். பெட்ரோல் நல்லா பீச்சுது. ஸ்பார்க் கண்ணுக்கே தெரியல, தெரிஞ்சதும் ஆரஞ்சு. காயில்ல கை வெக்க முடியல. வீட்டுக்கு வந்து ஆறவிட்டு மீட்டர் வெச்சா 1.6 ஓம்! பம்ப்புக்கு அடியில பேக்கலைட்டும் இல்ல, பேப்பர்தான் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இப்போ எலக்ட்ரிக் பம்ப் செலவு மிச்சம்தானே சார்?

பழைய டெல்கோ:
மிச்சம்தான். பேக்கலைட்டை போட்டுடு, அவரு சொன்னதும் தப்பில்ல. காயில் வாங்க போறப்போ மீட்டரை கையோட எடுத்துட்டு போயி கடையிலயே வெச்சு பாரு, டப்பாவுல 12 வோல்ட்னு போட்டிருக்கறதை மட்டும் நம்பாத. பாயின்ட்ல குழி விழுந்திருக்கும், உப்புத்தாள் போட்டு தேய்க்காம புதுசே போட்டு கேப் 0.45 மிமீ கிட்ட வெச்சுட்டு அப்புறம் டைமிங் பாரு, கேப் மாறினா டைமிங்கும் மாறும். இன்னொண்ணு, என்ஜின் ஓடாதப்போ பாட்டு கேக்கறேன்னு சாவியை ஆன்ல விடாத, பாயின்ட் மூடின நிலையில நின்னிருந்தா 3 ஓம் காயிலும் வெந்துடும்.