பேஜ்மேக்கர் 7.0: விர்ச்சுவல்பாக்ஸில் டாங்கிள் சிக்கல், உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் அச்சகத்தின் பழைய பைல்கள் எல்லாமே பேஜ்மேக்கர் 7.0 என்ற பக்க வடிவமைப்பு சாப்ட்வேரில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, ஊர்க்காரர்களின் கவிதைப் புத்தகம்... ஒன்றையும் விட மனமில்லை.

புது கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றிவிட்டேன். பேஜ்மேக்கர் நன்றாகவே ஓடுகிறது, எழுத்தும் உடையாமல் தெரிகிறது. தமிழ் டைப்பிங் சாப்ட்வேர்தான் படுத்துகிறது. அதன் டாங்கிள் (செருகினால்தான் சாப்ட்வேர் ஓடும், சாவி போன்ற சின்னக் கருவி) பழைய 25 பின் பிரின்டர் போர்ட்டில், அதாவது பேரலல் போர்ட்டில் செருகுவது. யுஎஸ்பி மாற்று கேபிள் பிரின்டருக்குத்தான் ஒத்துவரும். டாங்கிள் இருப்பதே எக்ஸ்பிக்குத் தெரியவில்லை.

மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்று காலி. அதில் பேரலல் போர்ட் கார்டு போட்டால் உள்ளே ஓடும் எக்ஸ்பி டாங்கிளைப் படிக்குமா? இல்லை, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இன்னொரு சாப்ட்வேரான விஎம்வேருக்கு மாறினால்தான் நடக்குமா? செய்து பார்த்தவர்கள் கார்டின் மாடலோடு சொல்லுங்கள், உடனே வாங்கிவிடுகிறேன்.